நடந்துபோன சிவப்பிழை

பள்ளிபாளையம் ஓடைமேட்டு வீதியில் இருக்கிற எண்பத்தாறு தறிகளும் ஒரே நேரத்தில் ஒரே தப்பைச் செய்த அந்தத் திங்கட்கிழமை காலையில், அதாவது வேட்டியின் பச்சைக் கரையை ஒட்டிப் பாவோடு பாவாக வரவேண்டிய ஒற்றைச் சிவப்பிழை, நேரே வந்தே பழகிய இழை, சட்டென்று வெள்ளைப் பக்கமாக நாலு விரற்கடை நடந்துபோய், அங்கே கொஞ்சம் நின்று யோசித்துவிட்டு, மறுபடியும் கரைக்குத் திரும்பி வந்த அந்தக் காலையில், வீதியில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. டேமேஜ் என்று நினைத்துத் தறியை நிறுத்தினார்கள், அவ்வளவுதான்.

தறியைப் பார்த்திராதவர்களுக்கு இதில் என்ன அதிசயம் என்று தெரியாது. ஊடை நூல் நாடாக் கட்டைக்குள் உட்கார்ந்துகொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பறந்துகொண்டே இருக்கும், அது அதன் பிழைப்பு. பாவு நூல் அப்படியில்லை. பின்னால் பீம் உருளையிலிருந்து கிளம்பினால் அச்சுப் பல்லுக்குள் நுழைந்து முன்னால் துணியாகச் சுருட்டப்படும்வரை நேரே வரும், பக்கத்து இழையின் இடத்துக்கு ஒரு மயிரளவுகூடப் போகாது. போனால் அறுந்துவிடும். இந்தச் சிவப்பிழை போனது, அறவும் இல்லை. பிட்டர் வந்து தறிக்கடியில் படுத்து, கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றிப் பார்த்து, முகமெல்லாம் கிரீசோடு எழுந்து, "மெசின்ல ஒண்ணுமில்லீங்க, நூலுக்குத்தான் என்னமோ ஆயிப்போச்சு" என்று சொல்லிவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போனான்.

அந்த நேரத்தில், அர்த்தநாரியின் நாலு தறிக் கொட்டகைக்குச் சுவர் தள்ளி இருந்த வீட்டுக்குள் அவன் பெண்டாட்டி தெய்வானை அடுப்படியிலிருந்து குழாயடிக்கும், குழாயடியிலிருந்து வாசலுக்கும், வாசலிலிருந்து மறுபடி அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தாள். வலது காதுக்கு மேலே முடியை மழித்து, காசளவு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. இடுப்பில் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு பெட்டி. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து முந்தின நாள்தான் வந்திருந்தாள், பெட்டியின் பொத்தானைத் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அமுக்கச் சொல்லியிருந்தார்கள், அமுக்கினாள். இழை நடக்க ஆரம்பித்ததும் அதே ஏழு மணிக்குத்தான். ஆனால் அதையும் இதையும் சேர்த்துப் பார்க்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

தெய்வானைக்கு நாற்பத்தாறு வயது. இருபத்தைந்து வருஷமாக அந்த வீதிக்கே பாவு பிணைத்துக் கொடுத்தவள். பழைய பாவு தீரும்போது அதன் கடைசி நுனிகளோடு புதுப் பாவின் முதல் நுனிகளை ஒவ்வொரு இழையாக எடுத்து, சாம்பல் தொட்ட விரலால் ஒரு முறுக்கு முறுக்கி முடி போட வேண்டும், ஒரு பாவுக்கு மூவாயிரம் இழை, ஒன்று மாறினாலும் துணி கெட்டுவிடும். அவள் கை அதைப் பேசிக்கொண்டே செய்யும், கொட்டாவி விட்டுக்கொண்டே செய்யும், கண்ணை மூடச் சொன்னாலும் செய்யும். அந்தக் கை போன வருஷம் ஆடியிலிருந்து தானாக ஆட ஆரம்பித்தது. முதலில் சுண்டுவிரல், பிறகு கட்டைவிரல், பிறகு மணிக்கட்டு. குழம்பு ஊற்றினால் பாதி வெளியே போயிற்று. பாவு பிணைக்கிற வேலை அர்த்தநாரியின் தங்கை பரிமளாவுக்குப் போயிற்று.

"மூளைக்குள்ள சுரக்கற ஒரு சத்து குறைஞ்சுபோச்சும்மா" என்று ஆபரேஷனுக்கு முன்னால் கோயமுத்தூரில் சொல்லியிருந்தாள் டாக்டர் ரெஜினா. நாகர்கோவில்காரி, வயசு முப்பத்தைந்துகூட இருக்காது. "எப்போ குறையுது, எவ்வளவு குறையுதுன்னு தெரிஞ்சாத்தான் மாத்திரையை அளந்து கொடுக்க முடியும். குறைச்சுக் கொடுத்தா கை நிற்காது, கூட்டிக் கொடுத்தா உடம்பே ஆடும். அதைக் கண்காணிக்க அரிசி மாதிரி ஒண்ணை உள்ளே வைக்கிறோம். அது சொல்றதை இடுப்புப் பெட்டி எங்களுக்கு அனுப்பும். நாப்பத்தெட்டு நாள் வேலை செய்யும், அப்புறம் தானாக் கரைஞ்சு போயிடும், எடுக்க வேண்டியதில்லை."

"மண்டலக் கணக்குங்களா" என்றான் அர்த்தநாரி. கோயிலும் ஆஸ்பத்திரியும் ஒரே கணக்கைச் சொன்னதில் அவனுக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

"ஒண்ணே ஒண்ணு. மனசை அலட்டிக்காம இருக்கணும். பெரிய சந்தோஷம், பெரிய துக்கம், ரெண்டுமே அளவைத் தூக்கி அடிச்சிடும். மாத்திரை என்ன செய்யுதுன்னு எனக்குத் தெரியாம போயிடும். இன்னொரு தரம் மண்டையில துளை போட நான் சம்மதிக்க மாட்டேன். சரியா அளந்துட்டோம்னா இந்தக் கை இன்னும் பத்துப் பதினஞ்சு வருஷம் வேலை செய்யும்."

தெய்வானை தன் கையைப் பார்த்தாள். அது மடியில் கிடந்து ஆடிக்கொண்டிருந்தது. பத்து வருஷம் கொடுத்தால் போதும் என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டாள்.

இழை யாருடையது என்று கண்டுபிடித்தது பரிமளாதான். அன்றைக்குச் சாயங்காலம் துணி மடிக்க உட்கார்ந்தவள், காலை பதினோரு மணிக்கு நெய்த இடத்தில் சிவப்பிழை கரையைத் தாண்டி ஓரத்துக்கே இறங்கிக் கிடந்ததைப் பார்த்தாள். பதினோரு மணிக்கு அவள் தெய்வானையோடு இருந்தாள். ஓசூரில் வேலை பார்க்கிற மகள் கோகிலா போனில் கூப்பிட்டு, லீவு இல்லை, இந்த மாசம் வர முடியாது என்று சொன்னது அப்போதுதான். "அண்ணா, இது அண்ணியாட்டம் இருக்குது" என்றாள் பரிமளா, பக்கத்து வீட்டு ஆளைச் சந்தையில் பார்த்த மாதிரி.

வீதிச் சங்கத் தலைவர் சென்னியப்பன், இருபத்துநாலு தறிக்காரர், சோதித்துப் பார்க்காமல் எதையும் ஒத்துக்கொள்ள மாட்டார். அவர் தெய்வானை வீட்டு வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தான் வெள்ளைச் சட்டையோடு மொபெட்டிலிருந்து சாயத் தண்ணி ஓடைக்குள் விழுந்து நீல நிறத்தில் வீட்டுக்குப் போனதையும், பெண்டாட்டி கதவைத் திறந்து பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டதையும் விஸ்தாரமாகச் சொன்னார். தெய்வானை சிரித்தாள். "ஏறுதுங்கோ" என்று கொட்டகையிலிருந்து சத்தம் வந்தது. "அப்பொறம் அம்மிணி, உங்க கொல்லை முருங்க மரத்த லைன்மேன் வெட்டச் சொல்லிட்டானாம்" என்றார். "எறங்குதுங்கோ" என்று சத்தம் வந்தது. "சரி, நம்ம அம்மிணியேதான்" என்று நாற்காலியைத் தூக்கிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது, பெட்டியிலிருந்து எங்களுக்கு ஒன்றுமே வரவில்லை என்றார்கள். "இங்க தறியில வருதுங்க" என்றான் அர்த்தநாரி. பெட்டியைச் சார்ஜில் போடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்கள். சார்ஜில் போட்டான். பெட்டி பச்சை விளக்கோடு சும்மா கிடந்தது, எண்பத்தாறு தறியும் தெய்வானையை நெய்துகொண்டிருந்தன.

ஒரு வாரத்தில் வீதிக்கு அது பழகிவிட்டது. துணி மடிக்கிற பெண்கள் காலைப் பேப்பரைப் படிப்பது போல அவளைப் படித்தார்கள். ஒன்பதரைக்கு என்னக்கா கோபம் என்று கேட்டார்கள். உப்புமா அவளுக்குப் பிடிக்காது என்பது தெரிந்தது. இருபத்தைந்து வருஷமாக ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்த பரிமளாவின் பாட்டு பிடிக்காது என்பதும் தெரிந்தது, பரிமளா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். கோடி வீட்டில் பிள்ளைக்குப் பேர் வைத்தபோது தெய்வானை போய்க் குனிந்து பார்த்து, "கிளியாட்டம் இருக்குது" என்று சொல்லிவிட்டு வந்தாள், சாயங்காலம் துணியைப் பார்த்த பிள்ளையின் அம்மா அப்புறம் அவளோடு பேசவில்லை. பொய் சொல்லவும் வழியில்லை, சும்மா இருக்கவும் வழியில்லை. அவள் அடுப்படிக்கும் குழாயடிக்கும் வாசலுக்குமாக நடந்தாள், தறிகள் தடதடவென்று அடித்துக்கொண்டே இருந்தன, அவள் நடக்க நடக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் சிவப்பிழையும் நடந்துகொண்டிருந்தது.

இதில் அர்த்தநாரிக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இருந்தது. தினமும் ஒன்றரை மணி வாக்கில் இழை இரண்டு விரற்கடை இறங்கியது. ஒன்றரை மணிக்குத்தான் அவன் சாப்பிட வீட்டுக்குள் போவான். ஒருநாள் வேண்டுமென்றே இரண்டரைக்குப் போய்ப் பார்த்தான். வந்து பார்த்தால் ஒன்றரைக்கு ஒரு பள்ளமும் இரண்டரைக்கு இன்னொரு சின்னப் பள்ளமும் கிடந்தன. கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். அவன் அந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, நாடாவுக்குள் நூல் தீர்ந்த தாரை மாற்றினான். அதற்குப் பிறகு அவளிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்பதையும் விட்டுவிட்டான், கேட்டுத்தான் தெரிய வேண்டுமா, துணியைப் பார்த்தால் போயிற்று.

எல்லாம் இப்படியே போயிருந்தாலும் நாற்பத்தெட்டு நாள் ஓடியிருக்கும். ஈரோட்டு வியாபாரி ஒருவன் வந்துதான் கெடுத்தான். முதல் வார டேமேஜை அடிமாட்டு விலைக்கு அள்ளிக்கொண்டு போனவன் அடுத்த வாரமே வேனோடு வந்து, நடக்கிற கரை வேட்டி இன்னும் எவ்வளவு இருந்தாலும் கொடுங்கள் என்றான். கல்யாண மாப்பிள்ளைகள் கேட்கிறார்களாம், ஒவ்வொரு வேட்டியும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறதாம், எந்த மெசினாலும் முடியாதாம். வீதியில் பல வருஷமாகப் பார்க்காத சுறுசுறுப்பு வந்தது. இரண்டு மாசமாக ஒப்புக்கு ஓடிக்கொண்டிருந்த தறிகளுக்கு எண்ணெய் விட்டார்கள். அந்த நேரம் பார்த்துத் தெய்வானை, டாக்டரம்மா சொன்னபடி கேட்க வேண்டும் என்று முடிவு செய்து, மூன்று நாள் போனை அணைத்து வைத்து, கண்ணை மூடிக் கந்தனை நினைத்து உட்கார்ந்துவிட்டாள். இழை நேராகிவிட்டது. வியாபாரி விரித்துப் பார்த்து, "இது சாதா வேட்டிங்க, இது எங்கயும் கெடைக்கும்" என்று திருப்பிப் போட்டான்.

சங்கக் கூட்டத்தில் சென்னியப்பன் மெல்லத் தொண்டையைச் செருமினார். "அம்மிணிக்கு ஒண்ணும் ஆகக் கூடாது. அவ நம்ம வீட்டுப் புள்ள. லேசா ஆட்டிவிட்டாப் போதும்." யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அர்த்தநாரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த நாளிலிருந்து வீதியே அவளை ஆட்டியது. கோகிலா போனை எடுக்கவில்லை, ஓசூரில் ஏதோ பஸ் விபத்தாம் என்று பரிமளா ஓடிவந்து சொன்னாள், அரை மணி கழித்து அது வேறே பஸ் என்றாள். வீதிப் பெண்கள் முறை போட்டுக்கொண்டு அவளுக்குப் பிடித்த கொள்ளு ரசமும் அரிசிம்பருப்புச் சாதமும் கொண்டுவந்தார்கள், அவள் முதல் வாய் வைக்கும்போது யாராவது பழைய சண்டை ஒன்றைக் கிளப்பினார்கள். செத்துப்போன அவள் தம்பியின் குரலில் பேசிக் காட்டினான் ஒருத்தன். அவள் அழுதாள், பிறகு அவன் அதே குரலில் அவள் சின்ன வயசுப் பட்டப்பேரைச் சொல்லிக் கூப்பிட, கண்ணீரோடு சிரித்தாள். அந்த நாள் வேட்டி சேலத்தில் போட்டி போட்டுக்கொண்டு விற்றதாம்.

அவள் ஒன்றும் அறியாதவள் இல்லை. வேன் வருவதற்கு முதல் நாள்தான் கெட்ட செய்தியெல்லாம் வருகிறது என்பது இருபதாம் நாளே அவளுக்குப் புரிந்துவிட்டது. வாசலுக்கு வந்து நின்று, "உங்களுக்கெல்லாம் வயித்துல புள்ள பொறக்கலியா" என்று வீதி முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள். கொட்டகைகளில் இழை வெள்ளைக்குள் ஒரு முழம் பாய்ந்தது. அதையும் மடித்து வைத்தார்கள். கோபப்பட்டால் கோபமும் கரையாகிறது, அழுதால் அழுகையும் கரையாகிறது என்று தெரிந்த பிறகு அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கை முன்னைவிட அதிகமாக ஆடியது. எட்டு மணி மாத்திரையும் இரண்டு மணி மாத்திரையும் எதைச் செய்கின்றன, எதைச் செய்யவில்லை என்று அவளுக்கே பிடிபடவில்லை.

முப்பத்துமூன்றாம் நாள் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தினார்கள். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை. எண்பத்தாறு தறியும் ஓய்ந்தன. வீதி ஜனங்கள் சினிமாவுக்கும் பவானிக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கும் கிளம்பினார்கள், அர்த்தநாரி தறிச் சாமான் வாங்கத் திருச்செங்கோடு போனான். இன்றைக்கு ஆட்டிப் பிரயோஜனமில்லை என்பதால் அவளைத் தேடி ஒருவரும் வரவில்லை. தெய்வானை அடுப்படியிலிருந்து குழாயடிக்குப் போனாள். குழாயடியில் நின்று காதுகொடுத்தாள். காக்காய் ஒன்று கத்தியது, அது இத்தனை சத்தமாகக் கத்தும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. அன்றைக்கு அவள் என்ன செய்தாள் என்பது எந்தத் துணியிலும் இல்லை, எனவே வீதியில் யாருக்கும் தெரியாது. சாயங்காலம் அர்த்தநாரி வந்து பார்த்தபோது மூன்றாம் தறிக்குப் புதுப் பாவு பிணைத்து முடிந்திருந்தது. பரிமளா வந்து பிணைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று நினைத்து ஓடவிட்டான்.

நாற்பத்தெட்டாம் நாள் சாயங்காலம் இழை நேரானது. வீதி ஜனங்கள் கொட்டகைகளுக்குள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்கள், டிவி தொடர் முடிந்த வீட்டில் நிற்கிற மாதிரி. வியாபாரியின் வேன் இஞ்சினை அணைக்காமலே திரும்பிப் போயிற்று.

கோயமுத்தூரில் டாக்டர் ரெஜினா பெட்டியைக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "ஒண்ணுமே இல்லைம்மா. நாப்பத்தெட்டு நாளும் வெறும் வெள்ளை. அரிசியும் கரைஞ்சு போச்சு. நான் இப்ப எதை வச்சு அளக்கறது?"

"தறியில இருக்குதுங்க டாக்டரம்மா" என்றாள் தெய்வானை.

டாக்டர் சிரிக்கவில்லை. அவள் கண் அர்த்தநாரி கட்டியிருந்த நடக்கிற கரை வேட்டிமேல் போயிற்று. எழுந்து வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவன் முழங்காலருகே குனிந்து கரையை விரலால் தொடர்ந்துகொண்டே போனாள். அவன் கூச்சத்தில் நெளிந்தான். "இங்க மாத்திரை போட்டிருக்காங்க" என்றாள், "இங்க அது வேலை செய்ய ஆரம்பிக்குது. இந்த இடத்துல என்ன, இப்படிக் குதிக்குது?" என்று நிமிர்ந்தாள். "எல்லா நாளும் இருக்கா?"

"இருந்துச்சுங்க" என்றான் அர்த்தநாரி. "வித்துப்போட்டோம்."

வித்ததையெல்லாம் தேடிக் கொண்டுவரப் பத்து நாள் தவணை கொடுத்தாள் டாக்டர். பஸ்ஸை விட்டு இறங்கிய தெய்வானை வீட்டுக்குப் போகவில்லை, வீதி நடுவில் நின்றாள். ஆடுகிற கையை முந்தானைக்குள் மறைக்காமல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றாள். தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. "என்னைய எல்லாரும் வித்துத் தின்னுட்டீங்க" என்றாள். "சரி, தின்னது தின்னாச்சு. இப்ப எனக்கு என்ற நாப்பத்தெட்டு நாளும் வேணும். போய்க் கொண்டாங்க."

போனார்கள். அதைச் சொல்ல வேண்டும், அந்த வீதி கெட்ட வீதி இல்லை. ஒரு தறி ஒரு நாளில் நெய்வது எட்டு வேட்டி, கரண்ட் இல்லாத அந்த ஒற்றை நாளைத் தவிர்த்துக் கணக்குப் போட்டால் முந்நூற்று எழுபத்தாறு வேட்டி தேவைப்பட்டது. சேலத்துக்கும் கரூருக்கும் தாராபுரத்துக்கும் போனார்கள். புது மாப்பிள்ளைகளிடம் கல்யாண வேட்டியைக் கேட்டு வாங்கினார்கள், பூசாரியின் இடுப்பிலிருந்து ஒன்றை மாற்று வேட்டி கொடுத்துக் கழற்றி வந்தார்கள், மாட்டுச் சந்தையில் ஒருவர் பின்னாலேயே கரையைப் பார்த்துக்கொண்டு அரை மைல் நடந்து உதை வாங்கப் பார்த்தார் சென்னியப்பன். எந்த வேட்டி எந்த நாள் என்று மடிக்கிற பெண்களுக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. முந்நூற்று எழுபத்தொன்று கிடைத்தன. நாலு எங்கே என்று தெரியவில்லை, ஒன்று காங்கயத்தில் ஒரு பெரியவரோடு சுடுகாட்டுக்குப் போய்விட்டது.

ஆஸ்பத்திரியின் மொட்டைமாடியில், கட்டில் விரிப்புகள் காயப்போடுகிற கொடிகளில், தெய்வானையின் நாற்பத்தேழு நாளும் காலை வெயிலில் தொங்கின. டாக்டர் ரெஜினா நோட்டும் பென்சிலுமாக முதல் கொடியிலிருந்து நடந்தாள், கூடவே தெய்வானையும் அர்த்தநாரியும், பின்னால் வேன் பிடித்து வந்த வீதி. ஒவ்வொரு குதிப்பு வரும்போதும் டாக்டர் நின்று, "இது மாத்திரையா, வேற ஏதாவதா?" என்று கேட்டாள். வந்தவர்கள் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒதுங்கினார்கள்.

"அது நானுங்க" என்றாள் பரிமளா கடைசியில். "பஸ் விபத்துன்னு பொய் சொன்னேன்."

டாக்டர் நோட்டில் அந்த இடத்தை அடித்தாள். நடந்தாள். "இது?"

"அது நானுங்க. செத்துப்போனவன் கொரல்ல பேசினேன்."

"இது?"

"அதும் நாந்தானுங்க" என்றார் சென்னியப்பன், துண்டைத் தோளிலிருந்து இறக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு. "அதும், அதுக்கு அடுத்ததும்."

ஒவ்வொருவராக வேட்டிக்கு முன்னால் வந்து நின்று சொன்னார்கள். சொன்னவர்கள் தெய்வானையின் முகத்தைப் பார்க்காமல் கொடிக்குப் பின்னால் போய் ஒதுங்கினார்கள். வெயில் ஏறியது, டாக்டரின் நோட்டில் அடித்த கோடுகளாகச் சேர்ந்தன. கடைசிக் கொடிக்கு வந்தபோது மிச்சமிருந்தது ஒன்றே ஒன்றுதான், அநேகமாக எல்லா நாளும் ஒன்றரை மணிக்கு விழுந்த அந்தப் பள்ளம்.

அர்த்தநாரி முன்னால் வந்தான். "அது நானுங்க டாக்டரம்மா. நான் சாப்பிட உள்ள போவேன். நான் போனா இவளுக்கு எறங்குது."

தெய்வானை திரும்பி அவனைப் பார்த்தாள். இத்தனை நாளாக இவன் இதைச் சுமந்துகொண்டு திரிந்தானா என்று அவளுக்கு நெஞ்சு கலங்கியது, கூடவே இத்தனை நாளில் ஒரு வார்த்தை கேட்டானா என்று எரிச்சலும் வந்தது. நல்லவேளை, இரண்டையும் நெய்ய அங்கே தறி இல்லை.

டாக்டர் நோட்டை மூடினாள். "நடுவுல மூணு நாள் இழை அசையவே இல்லை, அதுல படிக்க ஒண்ணுமில்லை. மத்ததுல ஒரு நாள்கூட யாரும் கை வைக்காத நாளா இல்லையே. ஒரே ஒரு நாள் போதும் எனக்கு, காலையிலிருந்து சாயங்காலம் வரை, மாத்திரையும் இவங்களும் மட்டும் இருந்த ஒரு நாள். முப்பத்துமூணாவது நாளுக்குத் துணியே இல்லையே, அது என்ன?"

"அன்னிக்குக் கரண்ட் இல்லீங்க" என்றார்கள் எல்லாரும்.

தெய்வானை கட்டைப் பையைத் திறந்து, அடியிலிருந்து ஒரு சாண் அகலத் துண்டுத் துணியைச் சுருளாக எடுத்தாள். புதுப் பாவை ஓடவிட்டதும் முடிச்சுகள் உள்ள முதல் சாணைக் கத்தரித்து எறிவார்கள், தறியின் எண்ணெயைத் துடைக்க அதுதான் துணி. அர்த்தநாரி துடைப்பதற்கு முன்னால் அவள் அதை எடுத்து அரிசி டிரம்முக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள்.

"அன்னிக்கு நான் பாவு பொணச்சேனுங்க" என்றாள். "ஒன்பது மணிக்கு உக்காந்து அஞ்சு மணிக்கு எந்திரிச்சேன். மூவாயிரம் முடி. முன்னெல்லாம் மூணு மணி நேரத்துல முடிப்பேன். நூல் ஆலைச் சங்கு மணிக்கொருக்கா ஊதும், ஊதும்போது கையில எந்த இழை இருக்குதோ அதுக்கு மஞ்ச வச்சுருவோம், பாதியில எந்திரிச்சாலும் எங்க விட்டோம்னு தெரியணுமில்லீங்களா. அன்னிக்கும் பழக்கத்துல வச்சேன்."

பரிமளா அந்தத் துண்டை வாங்கி விரித்தாள். ஒரு பாவு பிணைக்கிறவள் இன்னொருத்தியின் கையைப் படிக்க அதிக நேரம் ஆகாது. "இங்க நல்லா இருக்குதுங்க டாக்டரம்மா, பழைய அண்ணி கை. ஒரே அளவு முடி. பதினோரு மணி மஞ்ச, பன்னண்டு மணி மஞ்ச, அது வரைக்கும் ஒரு குத்தம் சொல்ல முடியாது. இங்க பாருங்க, பன்னண்டரை வாக்குல வால் நீளமாகுது. ஒரு மணி, ரெண்டு மணி, முடிச்சே இல்ல, சும்மா சுத்தி வச்சிருக்குது. ரெண்டரைக்கு அப்பொறம் மறுபடியும் கட்டிக்கிச்சு." அவள் துண்டை இறக்கிவிட்டு நிமிர்ந்தாள். "இத்தன நேரம் தனியா உக்காந்து பண்ணியிருக்கீங்களே அண்ணி."

டாக்டர் ரெஜினா அந்தத் துண்டின்மேல் குனிந்து, மஞ்சளுக்கு மஞ்சள் முடிச்சுகளை எண்ணி எழுதினாள். "எட்டு மணி மாத்திரை பன்னண்டரைக்குத் தீர்ந்து போகுது" என்றாள். "நான் ரெண்டு மணிக்குக் கொடுத்துட்டு இருந்தேன். இனிமே பன்னண்டுக்கே போடணும், அளவும் கால் கூட்டணும். இதைத்தான் நான் தேடினது." பிறகு அர்த்தநாரியிடம் திரும்பினாள். "ஒன்றரைக்கு இறங்கினது உங்களால இல்ல, மாத்திரை தீர்ந்ததால. பயப்படாதீங்க."

அர்த்தநாரி வேட்டியின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். வேன் திரும்பும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். வாய் ஓயவில்லை.

ஓடைமேட்டு வீதியில் இப்போது எல்லாக் கரையும் நேராகத்தான் ஓடுகிறது. சாதா வேட்டி, சாதா விலை. முதல் வாரம் வீதி ஜனங்களுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. தெய்வானை கோபமாக இருக்கிறாளா, மன்னித்துவிட்டாளா என்று தெரிந்துகொள்ள மடித்த துணியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார்கள், அதில் வெறும் வேட்டிதான் இருந்தது. அவள் பாவு பிணைக்க வந்து உட்கார்ந்தாள், மூவாயிரம் இழையை நாலு மணி நேரத்தில் முடித்தாள், எழுந்து போனாள். வாயைத் திறக்கவில்லை.

எட்டாம் நாள் ஒன்றரை மணிக்கு அர்த்தநாரி வழக்கம்போலச் சாப்பிடக் கிளம்பினான். வழக்கம்போல முதலில் மூன்றாம் தறிக்குப் போய்க் குனிந்து பார்த்தான். சிவப்பிழை நேரே வந்துகொண்டிருந்தது. அதற்கு மேல் பார்க்க ஒன்றுமில்லாததால் தறியை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் வந்தான். அவள் தட்டைப் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் உட்காராமல் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஏம்புள்ள" என்றான். "இப்ப எறங்கலைல்ல? அது மாத்திரைன்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல?"

"ஒன்றரைக்கு எறங்கினது மாத்திரை" என்றாள் தெய்வானை. "நீங்க ஒருநா ரெண்டரைக்கு வந்தீங்களே, அப்பவும் ஒண்ணு எறங்குச்சே. அது மாத்திரையில்ல. அது நீங்கதான்."

அவன் முகம் செத்துப்போயிற்று. வாழ்நாளில் முதல் தரமாகக் கேட்கிறவன் போல, "நான் என்ன பண்ணினேன்?" என்று கேட்டான்.

"ஒண்ணும் பண்ணலீங்க. ஒரு வருசமா இந்த வாசப்படியத் தாண்டினதும் நேரா என்ற கையத்தான் பாக்கறீங்க. ஆடுதா நிக்குதான்னு பாத்துட்டு உக்காந்து திங்கறீங்க, எந்திரிச்சுப் போறீங்க. மூஞ்சியப் பாத்து எத்தன நாளாச்சு?"

அவன் வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தான். உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். நெற்றியில் ஒரு சாம்பல் தீற்றல் இருந்தது, பிளாஸ்திரி எடுத்த இடத்தில் முடி வளர்ந்துகொண்டிருந்தது, அது நரைத்து வளர்கிறது. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. அவன் அதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் சோற்றைப் போட்டாள். கை முழுசாக நின்றுவிடவில்லை, முழுசாக நிற்கும் என்று டாக்டரம்மாவும் சொல்லவில்லை, கரண்டி ஒரு ஆட்டம் ஆடி ஒரு பிடிச் சோறு தட்டுக்கு வெளியே விழுந்தது. அர்த்தநாரி அதைப் பார்க்கவில்லை.